டேட்டா சயின்ஸ் வேலை: சேலத்தில் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகள்

அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். பெங்களூருவில் ஒன்பது வருடம் டேட்டா வேலை பார்த்துவிட்டு, இப்போது மாதத்தில் பாதி நாள் சேலத்து வீட்டிலிருந்தே அதைச் செய்கிறேன். இது ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து கல்யாண வீடு, சலூன், ஜங்ஷன் பிளாட்பாரம் என்று எங்கே போனாலும் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே பதிலை நூறு தடவை சொல்வதற்கு ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்த மாதிரியே விட்டிருக்கிறேன்.

"அண்ணா, டேட்டா சயின்டிஸ்ட் ஆகணும். எங்கே ஆரம்பிக்கிறது?"

முதலில் அந்தப் பெயரை ஓர் ஆறு மாதம் மறந்துவிடுங்கள்.

2012-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் தாமஸ் டேவன்போர்ட், டி.ஜே. பாட்டீல் என்ற இருவர், 21-ஆம் நூற்றாண்டிலேயே மிகக் கவர்ச்சியான வேலை இதுதான் என்று எழுதினார்கள். அதற்கப்புறம் அந்தப் பெயர் போன ஊரெல்லாம் ஒரு மயக்கம். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் நாலைந்து வேலைகள் இருக்கின்றன. செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்குப் போயிருந்தால் புரியும். வெள்ளி உருக்குபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் இன்னொருவர், பற்றவைப்பவர் வேறு, மெருகு போடுபவர் வேறு. கடையில் கொலுசு வாங்குகிறவருக்கு இவர்கள் யாரையும் தெரியாது.

இங்கேயும் அப்படித்தான். பல இடங்களிலிருந்து வரும் தகவலைக் கொண்டுவந்து ஒழுங்காகச் சேர்த்துவைப்பவர் டேட்டா இன்ஜினியர். அதிலிருந்து 'போன மாதம் விற்பனை ஏன் குறைந்தது' என்று கண்டுபிடித்துச் சொல்பவர் டேட்டா அனலிஸ்ட். பழைய தகவலைப் பார்த்துப் பழகி, அடுத்ததைக் கணித்துச் சொல்லும் நிரலுக்குப் பெயர் மாடல். அந்த மாடலை உருவாக்கி, அது தினமும் விழாமல் ஓடும்படி பார்த்துக்கொள்பவர் மெஷின் லேர்னிங் இன்ஜினியர். டேட்டா சயின்டிஸ்ட் என்ற பலகை பெரும்பாலும் சில வருட அனுபவம் உள்ளவர் மேஜையில்தான் இருக்கும். புதிதாகப் படித்து வருகிறவருக்குத் திறக்கும் கதவு அனலிஸ்ட் வேலை. அந்தக் கதவின் சாவி எஸ்.க்யூ.எல். அட்டவணைகளில் இருக்கும் தகவலைக் கேட்டு எடுக்க 1970-களில் பிறந்த மொழி. பழசு என்று யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை, போடப்போவதாகவும் தெரியவில்லை.

ஆகவே வரிசை இதுதான்: எக்செல்லை உண்மையிலேயே கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் எஸ்.க்யூ.எல், அப்புறம் பைத்தான் என்ற நிரல்மொழியும் அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பும், கூடவே புள்ளியியல். மாடல் பழக்கும் மெஷின் லேர்னிங் அதற்கப்புறம். எல்லோரும் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். நியூரல் நெட்வொர்க் பற்றி மணிக்கணக்காகப் பேசும் பையனிடம் இரண்டு அட்டவணைகளை இணைக்கச் சொன்னால் முழிக்கிறான்.

"பையனை ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ் பிரிவில் சேர்க்கலாமா? சாதா கம்ப்யூட்டர் சயின்ஸே போதுமா?"

கவுன்சிலிங் சமயத்தில் தினமும் நாலு பேர் இதைக் கேட்கிறார்கள். பிரிவின் பெயரைப் பார்க்காதீர்கள், கல்லூரியைப் பாருங்கள். புதுப் பிரிவு என்றால் முதலில் ஒன்றை விசாரியுங்கள்: புள்ளியியலும் நிகழ்தகவும் யார் நடத்துகிறார்? அதற்கென்று படித்தவரா, இல்லை வேறு துறையிலிருந்து இழுத்துப் போட்டவரா? 1966-இல் தொடங்கிய சேலம் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் எந்தப் பிரிவு கிடைத்தாலும், பெயரே தெரியாத கல்லூரியின் பளபளப்பான பிரிவைவிட அதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வேலைக்கு எடுக்கும்போது பிரிவின் பெயரை வைத்து நான் யாரையும் எடுத்ததும் இல்லை, தள்ளியதும் இல்லை.

"நான் பி.எஸ்சி. கணிதம். இன்ஜினியரிங் படிக்காதவங்களுக்கு இதில் இடம் உண்டா?"

உண்டு. சொல்லப்போனால் கணிதமும் புள்ளியியலும் படித்தவர்களுக்குப் பாதி வழி ஏற்கெனவே நடந்து முடிந்தது. அணிகள், வகைநுண்கணிதம், நிகழ்தகவு என்று பரீட்சைக்குப் படித்தீர்களே, மாடல்களுக்குள் ஓடுவது அதுதான். உங்களிடம் இல்லாதது நிரல் எழுதும் பழக்கம் மட்டுமே. தினமும் உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் வந்துவிடும்.

பட்டத்தோடுதான் வேண்டும் என்றால் இரண்டு வழிகளைச் சொல்வேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதற்கு ஜே.இ.இ. எழுத வேண்டாம். நாலு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பரீட்சைகளை மட்டும் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். டிப்ளமோ, பி.எஸ்சி. என்று இடையிலேயே ஒரு சான்றிதழோடு வெளியே வரவும் வழி உண்டு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. இன்னொரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் நிறைய. எளிது என்று நினைத்துச் சேராதீர்கள், கணிதத்தில் கறாரான படிப்பு. மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு 2024 முதல் கேட் தேர்வில் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ. என்று தனித்தாளே வந்துவிட்டது. சென்னை கணிதவியல் கழகத்தின் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி.யும் நல்ல பெயர் எடுத்த படிப்பு.

"ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஒன்றரை லட்சம் கட்டினா வேலை உத்தரவாதம்னு சொல்றாங்க. சேரலாமா?"

நான் ஒரு தடவை கட்டியவன். எந்த இடம் என்பது வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சம்பளம் ஏறும் என்ற ஆசையில், பெங்களூருவில் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எட்டு மாதம். பாடம் நடத்தியவர் இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்களையே திரையில் ஓட்டிவிட்டு, சந்தேகத்தை வாட்ஸ்அப் குழுவில் கேட்கச் சொல்வார். கடைசியில் ஒரு சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். இன்று வரை அதைக் காட்டு என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

உத்தரவாதம் என்ற சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். 'நாங்கள் அனுப்பும் எந்த இன்டர்வியூவையும் தவறவிடக் கூடாது', 'எந்த ஊராக இருந்தாலும் போக வேண்டும்', 'குறைந்தபட்ச சம்பளம் இவ்வளவு' என்று வரிசையாக இருக்கும். ஒன்றில் வழுக்கினாலும் உத்தரவாதம் போச்சு. அதைவிட முக்கியம், மாதத் தவணை. தவணை என்று சொல்லி உங்களிடம் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். வகுப்பு பாதியில் நின்றாலும் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும்; கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும்.

ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் சொற்பக் கட்டணம். தமிழ்நாட்டில் கல்லூரியில் படிப்பவர் என்றால் 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் என்ன பாடம் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். பணம் கொடுத்துத்தான் ஒழுக்கம் வரும் என்கிறவர்கள் நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வாரம் தவறினால் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு கூட்டம் அப்படித்தான் எஸ்.க்யூ.எல். முடித்தது.

"ரெஸ்யூமேவில் போட என்ன புராஜெக்ட் செய்யலாம்?"

இதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார் என்ற 891 வரிசைத் தரவு, ஐரிஸ் பூவின் 150 வரிசைத் தரவு. கற்றுக்கொள்ள இரண்டும் நல்லவை. ரெஸ்யூமேவில் வேண்டாம். ஐரிஸ் தரவை ரொனால்ட் ஃபிஷர் 1936-இலேயே கட்டுரையில் பயன்படுத்தி முடித்துவிட்டார். உங்களுக்கு முன்னால் லட்சம் பேர் செய்ததைப் பார்த்து உங்களைப் பற்றி நான் என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நம்மைச் சுற்றிப் பாருங்கள். ஆத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் போன வருடம் வந்தான். சொந்தக்காரருக்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ மில். மரவள்ளிக் கிழங்கு லோடு லோடாக வரும். ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. இரண்டு பருவத்து நோட்டுகள் அவன் கைக்கு வந்தன. எந்த லோடு எத்தனை பாயிண்ட் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் மாடல் செய்யலாம் என்றேன்.

மூன்று வாரம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "அண்ணா, கிட்டத்தட்ட நூறு சதவீதம் சரியா வருது!" வயிற்றைக் கலக்கியது எனக்கு. இந்த வேலையில் இவ்வளவு நல்ல செய்தி வந்தால் எங்கோ தப்பு என்று அர்த்தம். தரவைத் திறந்து பார்த்தால், விவசாயிக்குக் கொடுத்த தொகையும் மாடலுக்குப் போயிருக்கிறது. தொகை என்பது எடை, பாயிண்ட், விலை மூன்றையும் பெருக்கியதுதானே? பத்து டன், 28 பாயிண்ட், டன்னில் பாயிண்ட்டுக்கு 300 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்தால் 84,000 ரூபாய். எடையும் விலையும் தெரிந்தால் அந்த 84,000-த்தை வகுத்து 28 என்று யாரும் சொல்லிவிடலாம். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியிருக்கிறது மாடல். லோடு வாசலில் நிற்கும்போது அந்தத் தொகை யாருக்கும் தெரியாது. இதைத் தரவுக் கசிவு என்கிறோம். பெரிய கம்பெனிகளில், பெரிய சம்பளம் வாங்குகிறவர்களும் இதில் விழுகிறார்கள்.

தொகையை நீக்கினான். மதிப்பெண் சரிந்தது. அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. பயிரின் வயது, ரகம், மாதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே கெட ஆரம்பித்துவிடும். அதனால் பிடுங்கிய தேதிக்கும் மில்லுக்கு வந்த தேதிக்கும் எத்தனை நாள் என்று அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னேன். நோட்டில் பிடுங்கிய தேதி இல்லை. லாரி டிரைவர்களிடமும் விவசாயிகளிடமும் போனில் கேட்டுக் கொஞ்சம் திரட்டினான். முதல் பருவத்தை வைத்துப் பழக்கி, இரண்டாம் பருவத்தில் சோதித்தான். இரண்டு பருவத்து லோடுகளையும் சீட்டுக் குலுக்குகிற மாதிரி கலைத்துப் பிரித்திருந்தால், நாளைய செய்தியைப் படித்துவிட்டு இன்றைக்கு ஜோசியம் சொன்ன கதையாகியிருக்கும்.

கடைசியில் வந்த மாடல் சுமார்தான். ஆனால் இன்டர்வியூவில் முக்கால் மணி நேரம் இதைப் பற்றியே பேசினான். தொகைப் பத்தியில் ஏமாந்ததை அவனே முதலில் சொல்லியிருக்கிறான். வேலை கிடைத்தது, அனலிஸ்டாக.

ஒரு எச்சரிக்கை: விவசாயிகளின் பெயரையும் போன் நம்பரையும் அழித்துவிட்டு, மில் முதலாளியிடம் கேட்டுவிட்டுத்தான், நிரலையும் தரவையும் ஊர் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்ற வேண்டும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அடுத்தவர் வீட்டுக் கணக்கை ஊருக்குக் காட்டுவது முறையில்லை.

"என் மாடல் 99 சதவீதம் துல்லியம். போதுமா?"

ஆயிரம் ஜோடி கொலுசில் பத்து ஜோடியில் பற்றவைத்த இடம் விட்டிருக்கிறது என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 'எல்லாம் நல்ல கொலுசு' என்று சொன்னாலே 99 சதவீதம் சரி. பிடிக்க வேண்டிய பத்தில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அந்தப் பத்தில் எத்தனையைப் பிடித்தது, பழுது என்று சொன்னவற்றில் எத்தனை நிஜமாகவே பழுது என்ற இரண்டு கணக்கையும் சொல்லுங்கள். 99-ஐ ரெஸ்யூமேவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

"இன்டர்வியூவில் என்ன கேட்பீங்க?"

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று. வாடிக்கையாளர் அட்டவணையில் 1,000 வரிசை. முதல் அட்டவணையின் வரிசை எதையும் விடாமல் இணைக்கும் லெஃப்ட் ஜாயினை ஆர்டர் அட்டவணையோடு செய்ததும் 1,340 வரிசை வந்துவிட்டது. ஏன்? ஒருவரே பல ஆர்டர் போட்டிருப்பார், அதனால் அவர் பெயர் திரும்பத் திரும்ப வந்திருக்கும் என்று சொன்னால் சரி. அடுத்து கேட்பேன்: இப்போது வாடிக்கையாளர்களின் சராசரி வயதைக் கணக்கிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் ஆள் தெரியும். அடிக்கடி வாங்குகிறவரின் வயது அத்தனை தடவையும் கணக்கில் ஏறிச் சராசரியே சாய்ந்துவிடும் என்று சொல்பவருக்கு, வேறு எது தெரியாவிட்டாலும் கற்றுக்கொடுக்கலாம்.

மற்றபடி நிகழ்தகவில் இரண்டு, பைத்தானில் ஒன்று, உங்கள் புராஜெக்ட்டில் பத்து.

"தமிழ் மீடியம் படிச்சேன். இங்கிலீஷ்தான் பயமா இருக்கு."

நானும் தமிழ் மீடியம்தான். சராசரி, இடைநிலை, முகடு, திட்டவிலக்கம் என்று தமிழில் படித்ததை இங்கிலீஷில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துப் படித்தேன். நூறு சொல்லுக்குள் முடிந்துவிட்டது. பேச்சுதான் நேரம் பிடித்தது, இரண்டு வருடம். உங்கள் புராஜெக்ட்டை முதலில் வீட்டில் யாருக்காவது தமிழில் விளக்குங்கள். அப்பாவுக்குப் புரிந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது. அதையே இங்கிலீஷில் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள். நீட்டி முழக்கும் இங்கிலீஷுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாத ஆட்களை இன்டர்வியூ எடுப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள், பயப்படாதீர்கள்.

"சாட்ஜிபிடி வந்தபிறகு இந்த வேலையே இருக்குமா?"

சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. அதற்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பை கூகுள்காரர்கள் 2017-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். என் மேஜையில் என்ன மாறியது என்று மட்டும் சொல்கிறேன். வாடிக்கையாளர் புகார்களை ரகம் பிரிக்க முன்பு இரண்டு மாதம் தரவு சேர்த்து மாடல் பழக்குவோம். இன்று ஒரு மொழி மாடலிடம் கொடுத்து மதியத்துக்குள் ஓர் உருப்படியான வடிவத்தைப் பார்த்துவிடலாம். சின்னச் சின்ன நிரல்களை அதுவே எழுதித் தருகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் கொடுத்துப் பழக்கியது இந்தச் சின்ன வேலைகளைத்தான். அந்த முதல் படி தேய்ந்திருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அது தந்த பதில் சரியா என்று யார் பார்ப்பது? ரகம் பிரித்ததில் இருநூறைக் கையால் எடுத்துப் பார்த்து, எந்த ரகத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, அது வாடிக்கையாளருக்கு என்ன இழப்பு என்று மேலாளரிடம் சொல்லும் வேலை கூடியிருக்கிறது. மில் நோட்டில் பிடுங்கிய தேதி இல்லை என்பதைக் கவனித்து டிரைவருக்குப் போன் போடும் வேலையும் அப்படியே இருக்கிறது.

"சேலத்திலேயே வேலை கிடைக்குமா? பெங்களூரு போகத்தான் வேணுமா?"

ஜாகீர் அம்மாபாளையத்தில் தமிழக அரசின் எல்காட் ஐ.டி. பார்க் இருக்கிறது. மருத்துவ பில்லிங், தரவுப் பதிவு, மாடல் பழகுவதற்காக எது என்ன என்று படங்களுக்குக் குறியிடுவது மாதிரியான வேலைகள் ஊரில் உண்டு. டேட்டா சயின்ஸ் என்று சொல்லக்கூடிய வேலை இங்கே கைவிரல் எண்ணிக்கைதான். முதல் மூன்று வருடமாவது வெளியூர் போய் வாருங்கள் என்பதே என் அபிப்பிராயம். பக்கத்து மேஜைக்காரர் தப்பைத் திருத்துவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது வீட்டிலிருந்தபடி நடக்காது. பெங்களூரு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். 2023 டிசம்பர் கடைசியில் விட்ட கோவை–பெங்களூரு வந்தே பாரத்தும் சேலத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் தாண்டும் பஸ்களில் பாதி நம்ம ஊர் ஆட்கள்தான்.

"படங்களுக்குக் குறியிடும் வேலையில் சேர்ந்தா அப்படியே மேலே போகலாமா?"

வீட்டில் பணம் தேவை என்றால் சேருங்கள், மரியாதையான வேலை. அதுவாகவே டேட்டா சயின்ஸுக்குக் கூட்டிப்போகும் என்று நம்பாதீர்கள். சாயங்காலம் எஸ்.க்யூ.எல். படித்தால் போகும்.

"சம்பளம் எவ்வளவு வரும்?"

பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் ஆரம்பச் சம்பளம் பல வருடமாக, வருடத்துக்கு 3 முதல் 4 லட்சத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. விளம்பரத்தில் வரும் 20 லட்சம், 30 லட்சம் எல்லாம் யாரோ சிலருக்கு, வேறு கல்லூரிகளில், வேறு வேலைக்கு. இன்னொன்றையும் அப்பாக்கள் கவனிக்க வேண்டும். சி.டி.சி., அதாவது வருடத்துக்கு உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை, 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வராது. நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, சில இடங்களில் இன்சூரன்ஸும் ஊக்கத்தொகையும்கூட அந்தத் தொகைக்குள்தான். உங்கள் பங்கு பி.எஃப். வேறு பிடிப்பார்கள். 25,000 சொச்சம் கைக்கு வந்தால் உண்டு. பெங்களூருவில் பி.ஜி. விடுதி வாடகை போக மிச்சத்தைக் கணக்குப் போட்டுவிட்டுச் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்.

"ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்கிறாங்க. கொடுக்கலாமா?"

காட்டுங்கள், கொடுக்காதீர்கள். வேலை கொடுக்கப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

"எனக்கு வயசு 36. லீ பஜார் மண்டியில் கணக்கு எழுதறேன். இனிமே மாற முடியுமா?"

எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருபத்திரண்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நிற்காதீர்கள். மண்டிக் கணக்கு தெரிந்தவர் நீங்கள். எந்த மாதம் எந்தச் சரக்கு தேங்கும், எந்தக் கடைக்காரர் எத்தனை நாள் கடன் சொல்வார் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவனுக்குத் தெரியாது. எக்செல்லும், கணக்கை வரைபடங்களாகக் காட்டும் பவர் பி.ஐ.யும் கற்று, நீங்கள் இருக்கும் இடத்தின் கணக்கையே முதலில் ஒழுங்குபடுத்துங்கள். அதைக் காட்டி மொத்த வியாபாரம், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களில் அனலிஸ்ட் வேலை கேளுங்கள். இதில் உங்கள் வயது உங்களுக்குச் சாதகம்.

"ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமம். மழை வந்தா கரண்டும் போகும், நெட்டும் போகும். லேப்டாப்பும் பழசு. நான் எப்படிப் படிக்கிறது?"

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுக்குச் சொன்னதையே எழுதுகிறேன். எட்டு ஜி.பி. ராம் இருந்தால் ஆரம்பிக்கப் போதும். பெரிய மாடல் ஓட்ட வேண்டிய அன்றைக்கு இணையத்திலேயே நிரல் ஓட்ட விடும் கூகுள் கோலாப் இலவசமாகத் தரும் ஜி.பி.யு. என்ற வேகமான சில்லைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்ற நாட்களுக்கு நெட்டே வேண்டாம். சேலத்துக்கு இறங்கும் நாளில் பைத்தானையும் பாண்டாஸையும் நிறுவிக்கொண்டு, பாட வீடியோக்களையும் இறக்கி வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான்.

தரவுக்கும் அலைய வேண்டாம் என்றேன். காபி எஸ்டேட்டுகளில் தினமும் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதும் வழக்கம் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் பெய்து காபிச் செடியைப் பூக்கவைக்கும் பூ மழையை நம்பித்தான் அடுத்த மகசூல். அவள் அப்பா வேலை பார்க்கும் எஸ்டேட்டில் பதினோரு வருட நோட்டு இருந்தது, முதலாளி கொடுத்தார். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். ஆறாவது வருட நோட்டில் எலி கடித்த இரண்டு மாதத்தை எப்படி நிரப்புவது என்று போன வாரம் கேட்டாள். நிரப்பாதே, காலியாகவே விட்டுவிட்டு ஏன் காலி என்று பக்கத்தில் எழுதிவை என்றேன்.